சூப் மணக்கும் வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வதைமுகாம் நாவல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஹங்கேரி எழுத்தாளர் இம்ரே கெர்தேஸின் 'ஃபேட்லெஸ்னெஸ்' நாவலுக்கு ஒரே ஒரு பத்திதான் கிடைத்திருக்கிறது. அதுவும் 'கொடுமைகளைக் கண்முன் நிறுத்துகிறது' என்ற பாராட்டோடு முடிந்துவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த நாவலில் கொடுமை கண்முன் வருவது குறைவு. மூக்கு வழியாகவும் வயிறு வழியாகவும்தான் அது நமக்குள் இறங்குகிறது.

1944. புடாபெஸ்டில் வேலைக்குப் போகும் வழியில் பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுசெல்லப்படும் 14 வயது யூதப் பையன்தான் கதை சொல்கிறான். நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் முதல் நாளே தித்திப்பும் குமட்டலுமாக ஒரு வாடை அடிக்கிறது. புகைபோக்கியைப் பார்த்து, தோல் பதனிடும் ஆலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறான். அது என்ன புகை என்பது அவனுக்குப் பேச்சோடு பேச்சாகத்தான் தெரியவருகிறது. பிணங்களை எரிக்கும் புகை என்று நமக்கோ முதல் வரியிலேயே தெரியும். அவன் பாட்டுக்கு அந்தக் காற்றை இழுத்துக்கொண்டு நிற்க, நமக்குத்தான் மூச்சு முட்டுகிறது.

அன்று கொடுத்த சூப்பை அவனால் வாயில் வைக்க முடியவில்லை. பிறகு ஜெர்மனியில் உள்ள புக்கன்வால்ட் முகாம், அங்கிருந்து அதன் கிளை முகாமான ட்ஸைட்ஸ். பசி முற்றுகிறது. மரத்தையும் இரும்பையும் தின்னாமல் விட்டதற்குக் காரணம், மெல்லவும் செரிக்கவும் முடியாது என்பதுதானாம். மணலைத் தின்று பார்த்ததையும் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறான். இடுப்புப் புண்ணில், காகிதக் கட்டுக்கு அடியில் பேன் மொய்க்கிறது. முதலில் அவற்றைப் பிடுங்கிப் பார்க்கிறான். மாளவில்லை. கடைசியில், அவற்றுக்கும் பசிதானே என்பதுபோல் விட்டுவிடுகிறான். (சாப்பாட்டு நேரத்தில் இந்தப் பக்கத்தைத் திறக்க வேண்டாம்.)

கெர்தேஸ் தானே அந்த வயதில் ஆஷ்விட்ஸுக்கும் புக்கன்வால்டுக்கும் கொண்டுசெல்லப்பட்டவர். அதனால் 'பட்டதை அப்படியே எழுதினார்' என்கிறது கட்டுரை. பட்டதை அப்படியே எழுத அவருக்குப் பத்தாண்டுக்கு மேல் ஏன் ஆனது? நாவல் வெளிவந்தது 1975-இல். நோபல் பரிசு 2002-இல். பின்னால் தெரிந்துகொண்ட எதையும் பையனின் வாயில் திணிக்காமல், அந்தந்த நிமிடத்தில் அவன் முகர்ந்தது, தொட்டது, தின்றது இவற்றோடு நின்றுகொள்வது நினைவாற்றல் செய்கிற வேலையல்ல. அது எழுத்தாளனின் கட்டுப்பாடு.

இன்னொன்று. குற்றுயிராக மீண்டும் புக்கன்வால்டுக்குக் கொண்டுவரப்பட்டு, வண்டியில் கிடக்கும் பையன், இந்த அழகிய முகாமில் இன்னும் கொஞ்ச காலம் வாழ ஆசையாக இருக்கிறது என்று நினைக்கும் இடத்தைக் கட்டுரையாளர் 'கசப்பான கிண்டல்' என்கிறார். கிண்டலே இல்லை. அவன் மனதாரத்தான் நினைக்கிறான். அதற்குச் சற்று முன்னால் காற்றில் டர்னிப் கிழங்கு சூப்பின் மணம் வருகிறது. முதல் நாள் சூப்பை ஒதுக்கிய அதே பையனுக்குக் கண் கலங்குகிறது. கட்டுரையாளர் அந்த இடத்தை அவசரமாகத் தாண்டிவிட்டார் போலிருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்.