மகளை ஏசாதே, சாந்தி

ஈஸ்ற் ஹாம், லண்டன்
18.01.2026

அன்பின் சாந்திக்கு,

உன் கடிதம் பொங்கலன்று வந்தது. தம்பிக்குக் கலியாணம் பொருந்தியது பெரிய ஆறுதல். இங்கே நாங்கள் சுகம். சின்னவனுக்கு இந்த மாரியில் இன்னும் இழுப்பு வரவில்லை. அதுதான் இந்த வீட்டின் பெரிய சேதி.

உன் மகள் கொவென்றியிலிருந்து அனுப்பிய படத்தைப் பார்த்தேன். கட்டிலின் தலைமாட்டுச் சுவரெல்லாம் கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சணம். "அறையைத் துப்புரவாக வைத்திருக்கத் தெரியாதா" என்று ஏசினேன் என எழுதியிருக்கிறாய். அதை வாசித்துத்தான் உடனே எழுத உட்கார்ந்தேன். அவளை ஏசாதே சாந்தி.

நானும் 6 வருடம் அப்படி வெட்கப்பட்டவள். ஆட்கள் வந்தால் படுக்கையறைக் கதவைச் சாத்திவிடுவேன். வீட்டுக்காரரிடம் சொன்னபோது "உங்கட சமையல்தான் காரணம்" என்றார். அதை நம்பிப் புட்டு அவிப்பதையே மாதக்கணக்கில் விட்டேன். பூஞ்சணம் போகவில்லை.

இந்த வீடு நூறு வருடத்துக்கு மேல் பழையது. வெளிச்சுவர் நடுவில் வெற்றிடம் விடாமல் கட்டிய செங்கல். மாரியில் தொட்டால் கை விறைக்கும். 20 பாகைச் சூட்டில் ஒரு கன மீற்றர் காற்று ஏறக்குறைய 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 பாகையில் 9 கிராம்தான். நாங்கள் மூச்சுவிட்டு, குளித்து, உலைவைத்து நிறைத்த ஈரத்தை அந்தக் குளிர்ச்சுவர் வாங்கிக்கொள்கிறது. யன்னல் கண்ணாடியில் வழிவதைத் துடைக்கலாம், அலுமாரிக்குப் பின்னால் நடப்பது யாருக்குத் தெரியும்? சுவர் நனையக்கூடத் தேவையில்லை. அதை ஒட்டிய காற்றில் ஈரப்பதம் 80 வீதத்துக்கு மேல் நாட்கணக்கில் நின்றாலே பூஞ்சணம் பிடிக்கப் போதும்.

மார்கழியில் வெயில் கண்டவுடன் அம்மா புழுக்கொடியலைப் பாயில் பரப்புவாவே, நினைவிருக்கிறதா? அதில் பூஞ்சணம் பிடித்தால் மழையைத்தானே நொந்தோம், அம்மாவையா? இங்கே அந்த வெயிலின் வேலையைச் சூடும் காற்றோட்டமும் சேர்ந்து செய்யவேண்டும். முந்தி நான் காசுக்குப் பயந்து ஹீற்றரை இரவில் ஒரு மணித்தியாலம் மட்டும் உச்சத்தில் விடுவேன். சுவர் சூடேறுமுன் அணைத்துவிடுவேன். இப்போது குறைந்த சூட்டில் நெடுநேரம் விடுகிறேன்.

எங்களைக் கெடுத்தது ஹீற்றரில் காயப்போட்ட உடுப்பு. ஒருமுறை தோய்த்த உடுப்புக் காய்வதற்குள் ஏறக்குறைய 2 லீற்றர் தண்ணீர் வீட்டுக்குள் பரவும். இப்போது குளியலறையில் கொடி கட்டி, கதவைச் சாத்தி, ஈரக்காற்றை வெளியே தள்ளும் விசிறியைப் போட்டுவிடுகிறேன். அலுமாரியையும் சுவரிலிருந்து அரைச் சாண் தள்ளி வைத்தோம். குசினி யன்னலைத் திறந்துவிட்டுப் புட்டும் அவிக்கிறேன். ஆனாலும் ஒரு மூலையில் கையகலத்துக்கு இன்னும் வருகிறது. அது சுவரின் குறை. குளிர் ஏறாமல் உள்ளே தகடு பதிக்கவேண்டும், அதை வீட்டுக்காரர்தான் செய்யவேண்டும்.

மகளிடம் சொல், பூஞ்சணத்தைக் காய்ந்தபடி பிரஷால் தேய்த்தால் வித்திகள் அறையெங்கும் பறக்கும். மாஸ்க்கும் கையுறையும் போட்டு ஈரத்துணியால் துடைக்கட்டும். பிளீச்சோடு வினாகிரியை ஒருபோதும் கலக்கக் கூடாது, நச்சு வாயு வரும்.

2020 டிசம்பரில் இங்கிலாந்தின் றொச்டேல் நகரில் அவாப் இஷாக் என்ற 2 வயதுப் பிள்ளை இறந்தது. வீட்டில் பூஞ்சணத்தோடு நெடுநாள் இருந்ததால் வந்த சுவாச நோய்தான் காரணம் என்று 2022இல் மரண விசாரணையில் முடிவானது. தகப்பன் முறையிட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். சூடானிலிருந்து வந்த அந்தக் குடும்பத்தின் வாழ்க்கைமுறைதான் காரணம் என்று வீட்டை வாடகைக்கு விட்ட நிறுவனம் எண்ணியிருந்தது. அதை வாசித்த இரவு சின்னவனின் இழுப்புப் பம்பைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அந்தப் பிள்ளையின் பெயரில் வந்த சட்டம் 2025 ஒக்ரோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வீடுகளுக்கு, அதாவது மாநகரசபைகளும் வீட்டுச் சங்கங்களும் வாடகைக்கு விடும் வீடுகளுக்கு, நடைமுறையில் இருக்கிறது. ஆபத்தான பூஞ்சணம் என்று முறையிட்டால் 10 வேலைநாளுக்குள் வந்து பார்த்தாகவேண்டும். மகள் இருப்பது தனியார் அறை, அதற்கு இன்னும் இது வரவில்லை. என்றாலும் படத்தோடும் திகதியோடும் வீட்டுக்காரருக்கு எழுத்தில் அனுப்பட்டும். அவர் அசையாவிட்டால் மாநகரசபையிடம் போகலாம்.

வருகிற சனிக்கிழமை யூஸ்ரனில் ரயில் ஏறி அவளைப் பார்க்கப் போகிறேன், ஒரு மணித்தியாலப் பயணம்தான். ஈரப்பதம் பார்க்கிற சின்ன மீற்றர் ஒன்றும் புட்டுக்குழலும் கொண்டுபோகிறேன். அதற்குமுன் நீ ஒருக்கால் அவளோடு ஆறுதலாகக் கதை.

அன்புடன்,
வசந்தி