எந்த ஸ்டார்ட்டருக்குன்னு சொல்லுங்க சாமி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க. பல்லடம் பக்கத்துல மோட்டர் ரீவைண்டிங் பட்டறை வச்சிருக்கறனுங்க. போன மாசம் ஒரு தோட்டத்துக்காரர் 10 எச்பி மோட்டரை டெம்போல ஏத்திட்டு வந்தாரு, காயில் மொத்தமும் கரிக்கட்டையாட்ட கெடக்குது. ஸ்டார்ட்டர்ல இருக்கற ரிலே, அதாவது ஆம்பியர் மிஞ்சுனா மோட்டரை நிறுத்தறது, அதை எத்தனை ஆம்பியர்ல வச்சிருந்தீங்கன்னு கேட்டா பொசுக்குன்னு போனை எடுத்து ஒரு கட்டுரைய காட்டறாரு. நேம் பிளேட்ல என்ன ஆம்பியரோ அதையே ரிலேல வைக்கோணும்னு போட்டிருக்குது. மனுசன் அப்படியே 14ல வச்சுப்போட்டாரு.

அந்த வரி பொய் இல்லைங்க, ஆனா அது டீஓஎல் ஸ்டார்ட்டருக்கு, மோட்டரை நேரா லைன்ல போட்டு கெளப்பறதுக்கு. இவருது ஸ்டார் டெல்டா, மொதல்ல கம்மி கரண்ட்ல கெளப்பி அப்பறம் முழுசா ஓட்டறது, அதுல ரிலே வைண்டிங்குக்கு (காயிலுக்கு) போற பாதையில இருக்குது, ஓடும்போது அங்க போறது லைன் கரண்ட்ல 58 சதவீதம்தான், 14ஐ 0.58ஆல பெருக்குனா 8 சொச்சம் வரும், அங்கதான் வச்சிருக்கோணும். 14ல வச்சா லைன்ல 24 ஆம்பியர் தாண்டற வரைக்கும் ரிலே கம்முனு உக்காந்திருக்கும். ராத்திரி வோல்ட்டேஜ் எறங்கி ஆம்பியர் ஏறுனா அது எங்கீங்க ட்ரிப் ஆகும்?

மோட்டருக்கு 3 ஒயர் போனா டீஓஎல், 6 போனா ஸ்டார் டெல்டா, இந்த ஒரு வரிய எழுதுனவரு சேத்தியிருந்தா அவரே எண்ணிப் பாத்திருப்பாரு. அதைய விட்டுப்போட்டு மொத மூணு பாரா தண்ணியோட அருமை, விவசாயத்தோட பெருமை. ரிலேவ "மிகைச்சுமை உணர்த்தி"ன்னு எழுதியிருக்குது, தமிழ் மேல எனக்கென்னங்க கோவம், ஆனா கடைல போயி அப்படி கேட்டா எதை எடுத்துக் குடுப்பாங்க? ஸ்டார்ட்டரை தொறக்கச் சொல்றது நாலாவது பாரால, மெயினை ஆஃப் பண்ணச் சொல்றது கடைசி பாரால. போன்ல படிக்கறவன் சேர்ல சாஞ்சுட்டு படிக்கறதில்லைங்க, மோட்டர் ரூம்ல ஒரு கைல டார்ச்சு ஒரு கைல போனு, கரண்ட் போறதுக்குள்ள தண்ணி கட்டோணும்னு ஒவ்வொரு வரியா படிச்சு படிச்சு செய்யறான், கடைசி பாராவுக்கு அவன் எப்ப வர்றது.

என்ற பொண்ணுகிட்ட பொலம்புனனுங்க. நீங்களே எழுதுங்கப்பான்னுட்டா. சரின்னு உக்காந்து நாலு வரி எழுதுனன், அப்பறந்தான் ஞாபகம் வருது, ஸ்டார் டெல்டாலயே ரிலே உள்ள வர்ற லைன்ல இருந்தா முழு ஆம்பியர்தான் வைக்கோணும், அதையும் சொல்லோணும். போட்டோ ஒண்ணு வேணும், அதுல ரிலே எதுன்னு அம்புக்குறி வேணும். நாலு வரிக்கு ரெண்டு ராத்திரி போயிருச்சு. காயில் கட்டறதே லேசுங்க.

உங்க விவசாயப் பக்கத்துல மோட்டர் பத்தி ஏதாவது வர்றதா இருந்தா, ஆன்லைன்ல ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு பட்டறைக்காரர்கிட்ட குடுத்து படிக்கச் சொல்லுங்க. எந்த வரில நிறுத்தி "இது எந்த ஸ்டார்ட்டருக்குங்க?"ன்னு அவரு கேக்கறாரோ, அங்க ஒரு வரி சேத்திப்போடுங்க.

இப்படிக்கு,
ரீவைண்டிங் பட்டறைக்காரன், பல்லடம்