ஒழுகுகிறது என்பதற்காகக் கழற்றிவிடாதே

கண்ணு,

நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 1967 ஃபோர்டு மஸ்டாங் ஃபாஸ்ட்பேக், சேஸிஸ் எண்ணில் ஐந்தாவதாக எஸ் எழுத்து. அப்படியென்றால் 390 கன அங்குல எஞ்சினோடு பிறந்த வண்டிதான், பிறகு யாரும் மாற்றி வைத்ததல்ல. கராஜ் தரையில் சிவப்பு எண்ணெய்த் திட்டு. "பவர் ஸ்டீயரிங்கை மொத்தமாகத் தூக்கிவிட்டு மேனுவலுக்குப் போய்விடவா?" என்று கேட்டிருக்கிறாய்.

என் பதில்: இந்த எஞ்சினோடு வேண்டாம். இதே வண்டியில் சின்ன 289 எஞ்சின் உட்கார்ந்திருந்தால், தாராளமாகக் கழற்று என்று சொல்லியிருப்பேன். மஸ்டாங்குக்குள் 390 நுழைந்ததே 1967-ல்தான். அதற்காகத்தான் அந்த வருடம் முன்பக்கத்தை அகலப்படுத்தினார்கள். 289-ஐவிட அது ஏறத்தாழ 200 பவுண்டு கூடுதல் இரும்பு, அத்தனையும் முன் சக்கரங்களின் தலைமேல். உருளும்போது இந்தப் பாரம் அவ்வளவாகத் தெரியாது. கடை வாசலில் வண்டியை நிறுத்தி இரண்டு காருக்கு நடுவே நுழைக்கும்போதுதான் தோள்பட்டை சொல்லும்.

உன் வண்டியில் பவர் எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் மனதில் வாங்கிக்கொள், இல்லாவிட்டால் தவறான சாமானை வாங்கிவிடுவாய். இன்றைய கார்கள் மாதிரி ஸ்டீயரிங் பாக்ஸுக்குள் எண்ணெய் அழுத்தம் கிடையாது. பாக்ஸ் வெறும் பாக்ஸ், உள்ளே வார்மும் (திருகுத் தண்டு) குண்டுகளும் செக்டர் ஷாஃப்டும் (டிராப் ஆர்ம் மாட்டும் தண்டு) மட்டும்தான். உதவி வெளியே இருந்து வருகிறது. பாக்ஸிலிருந்து இறங்கும் டிராப் ஆர்ம் (அங்கே பிட்மன் ஆர்ம் என்று கேள்), இரண்டு சக்கரங்களையும் சேர்த்து நகர்த்தும் நடுத்தண்டான சென்டர் லிங்க்கைத் தள்ளும் இடத்தில் ஒரு கன்ட்ரோல் வால்வு, சென்டர் லிங்க்குக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே ஒரு ராம் சிலிண்டர். பம்பிலிருந்து வால்வுக்கு இரண்டு ஹோஸ், வால்விலிருந்து ராமுக்கு இரண்டு. ஆக நான்கு ஹோஸ், எட்டு முனை. வயதான வண்டியில் எட்டில் ஒன்றுகூடக் கசியாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதனால்தான் பெல்ட்டைக் கழற்றி எறிந்துவிட்டு "மேனுவல் ஆக்கிவிட்டேன்" என்று சொல்பவர்களை நம்பாதே. பவர் வண்டிக்கு ஃபோர்டு வைத்த பாக்ஸ் 16-க்கு 1, அதாவது ஸ்டீயரிங் 16 டிகிரி திரும்பினால் டிராப் ஆர்ம் 1 டிகிரி. மேனுவல் வண்டிக்கு வைத்தது ஏறக்குறைய 20-க்கு 1. பெல்ட் இல்லாத 16 பாக்ஸை இழுக்க, 20 பாக்ஸை இழுப்பதைவிடக் கால் பங்கு அதிக பலம் வேண்டும். அதோடு ராமுக்குள் தேங்கிய எண்ணெயையும் நீயேதான் தள்ள வேண்டும். கன்ட்ரோல் வால்வின் பால் ஸ்டட் (குண்டுமுனைத் தண்டு) கொஞ்சம் நகர்ந்த பிறகே இணைப்பு அசையும், அதுவும் உதவி இல்லாதபோது வெறும் பிளேயாக, வெற்று ஆட்டமாகக் கைக்குத் தெரியும். கடினமும் தொளதொளப்பும் சேர்ந்து கிடைக்கும், மேனுவலின் நல்ல குணம் ஒன்றும் கிடைக்காது.

மேனுவல் எப்படி இருக்கும் என்று பணம் செலவழிக்காமலே தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. ராம் தண்டு ஃப்ரேம் பிராக்கெட்டில் மாட்டியிருக்கும் நட்டைக் கழற்றி, தண்டை விடுவித்து, ஹோஸ்மேல் பாரம் விழாதபடி ராமைக் கம்பியால் தூக்கிக் கட்டு. எஞ்சினை ஓட விடாதே. இந்த மாடலில் ஸ்டீயரிங் பூட்டு கிடையாது, சாவி டாஷ்போர்டில்தான், அதனால் ஸ்டீயரிங் தாராளமாகத் திரும்பும். வழவழப்பான கான்கிரீட்டில் நிறுத்தி, ஸ்டீயரிங் விளிம்பில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கட்டி, விளிம்புக்குத் தொடுகோடாக இழு. முன் டயர் தரையில் நகரத் தொடங்கும்போது தராசு காட்டும் எண்ணைக் குறித்துக்கொள். அதை 0.8-ஆல் பெருக்கினால் 20 பாக்ஸ் போட்டால் வரும் இழுவை தோராயமாகக் கிடைக்கும். மூன்று தடவை எடுத்துச் சராசரி பார். மாப்பிள்ளையையும் ஒரு தடவை அப்படியே கையால் திருப்பிப் பார்க்கச் சொல். வாரக் கடைசியில் அவரும் ஓட்டுவார் என்றால் அவர் கையும் கணக்கில் உண்டு.

ஆனால் அந்த அளவை எடுக்கும் முன், கடினத்துக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிடு. முன் பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்து. ராமை விடுவித்த நிலையில், சக்கரம் காற்றில் இருக்கும்போது ஸ்டீயரிங் இரண்டு விரலுக்கு அசைய வேண்டும். அசையவில்லையென்றால் குற்றவாளி டயரோ எஞ்சினோ அல்ல. காய்ந்துபோன பால் ஜாயின்ட், இறுகிய ஐட்லர் ஆர்ம் (சென்டர் லிங்க்கின் மறு பக்கத்தைத் தாங்கும் கை), யாரோ பிளே எடுக்கிறேன் என்று மேல் ஸ்க்ரூவை முறுக்கிவிட்ட பாக்ஸ், அல்லது நேர்கோட்டில் உட்காராத ஸ்டீயரிங் காலம் (ஸ்டீயரிங் தண்டைச் சூழ்ந்த குழாய்). கடைசியாகச் சொன்னதற்கு வைத்தியம் சுலபம்: பாக்ஸை ஃப்ரேமில் பிடிக்கும் மூன்று போல்ட்டையும் டாஷுக்கு அடியில் உள்ள கிளாம்பையும் தளர்த்தி, தானாக உட்கார விட்டு, மறுபடி இறுக்கு.

ஐட்லர் ஆர்ம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நிறையப் பேர் தவறாகவே மாட்டுகிறார்கள். ஒரிஜினல் ஐட்லரில் ரப்பர் புஷ் இருக்கிறது. அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். சக்கரம் ஒரு பக்கம் திரும்பியிருக்கும்போது நட்டை இறுக்கினால் ரப்பர் அந்த நிலையைத்தான் நடு என்று எண்ணிக்கொள்ளும், வண்டி ஆயுள் முழுக்க அந்தப் பக்கமே இழுக்கும். சக்கரம் நேராக இருக்கும்போது மட்டுமே இறுக்கு. ரப்பருக்குப் பதில் பேரிங் வைத்த ஐட்லர் கிடைக்கிறது. மேனுவலுக்குப் போகிறவர்கள் அதைத்தான் போட வேண்டும், அந்த முறுக்கு எதிர்ப்பு முழுதாகப் போய்விடும். மேல் கன்ட்ரோல் ஆர்மின் கிரீஸ் நிப்பிளையும் மறந்துவிடாதே. ஷாக் டவருக்குள் ஒளிந்திருப்பதால் கிரீஸ் கன் நேராகப் போகாது, வளைந்த முனை வேண்டும். அதனாலேயே பல வண்டிகளில் அந்த இடம் வருடக்கணக்காகக் கிரீஸையே பார்த்திருக்காது.

அடுத்து வீல் அலைன்மென்ட். அந்தக் கால ஃபேக்டரி காஸ்டர் (திருப்பு அச்சு பின்னால் சாயும் கோணம்) பூஜ்யத்தை ஒட்டியது, பழைய பாணி பயாஸ் டயருக்காக வைத்த அளவு. உன் வண்டியில் இருப்பது ரேடியல். அதற்குக் காஸ்டர் பாசிட்டிவ் 2 முதல் 3 டிகிரி, கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கச் சாய்வு) நெகட்டிவ் அரை டிகிரி, டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கி இருக்கும் அளவு) ⅛ அங்குலம் இருந்தால் நெடுஞ்சாலையில் அலையாது. 1967-ல் காஸ்டரை ஸ்ட்ரட் ராட் நட்டிலும், கேம்பரைக் கீழ் ஆர்மின் எக்ஸென்ட்ரிக் போல்ட்டிலும் வைக்கலாம். 65, 66 வண்டிகளின் ஷிம் (தகடு செருகும்) முறையை இதில் தேடுகிறவன் கடையில் வண்டியை விடாதே. பவரின் அருமை தெரிவதும் இங்கேதான். காஸ்டர் கூடக் கூட நேர் ஓட்டம் நன்றாக இருக்கும், நின்ற இடத்தில் திருப்புவது கடினமாகும். பவர் இருந்தால் 3 டிகிரி தாராளமாக வைக்கலாம். மேனுவலில் 1, 1½-லேயே கை கெஞ்சும். பார்க்கிங்குக்காக நெடுஞ்சாலையில் சமரசம் செய்ய வேண்டி வரும், எனக்கு அது பிடிக்காது.

டயர் அகலமும் அப்படித்தான். மஸ்டாங்கின் ஜி.டி. வகைக்கு அன்று வந்த டயர் எஃப்70-14. இன்று 215/70 ஆர்14 அதற்கு நெருங்கிய அளவு. உன் படத்தில் இருப்பது அதைவிட அகலம், ரிம்மும் வெளியே தள்ளி நிற்கிறது. டயரின் நடுப்பகுதி திருப்பு அச்சிலிருந்து விலக விலக, இழுவையும் குழியில் விழும்போது கைக்கு வரும் உதையும் கூடும். ஸ்டீயரிங் சக்கரத்தையும் சின்னதாக மாற்ற ஆசை என்று எழுதியிருந்தாய். 16 அங்குலத்தை 14 ஆக்கினால் ஏழில் ஒரு பங்கு பலம் கூடுதலாக வேண்டும்.

இனி ஒழுகலுக்கு வருவோம், உன் உண்மையான பிரச்சினை அதுதானே. எல்லாவற்றையும் பிரேக் கிளீனரால் துடைத்து உலர்த்தி, அடியில் வெள்ளை அட்டை விரித்து, எஞ்சினை ஐந்து நிமிடம் ஓட விட்டு ஸ்டீயரிங்கை மெல்ல இருபுறமும் திருப்பு. சொட்டுகிற இடத்தைப் பார்க்காதே, நனைந்த இடங்களில் மிக உயரமானதைப் பார். ஹோஸ் முனை, வால்வின் பால் ஸ்டட் பக்கத்து ரப்பர், ராம் தண்டின் சீல், பம்பு ஷாஃப்ட் சீல், இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருக்கும். வால்வுக்கு சீல் கிட் தனியாக வரும். வால்வைப் பிரிக்கும்போது ஸ்பூலில் (உள்ளே நகரும் உருளை) கோடு விழுந்திருந்தால் கிட் போட்டுப் பயனில்லை, வால்வையே மாற்று. எண்ணெய் டைப்-எஃப் (ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயில் ஒரு வகை) மட்டும்.

வால்வைப் பூட்டிய பிறகு நடுநிலை பார்ப்பதை விட்டுவிடாதே. எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் ஸ்டீயரிங் தானாக ஒரு பக்கம் ஓடினால் வால்வு நடுவில் இல்லை என்று பொருள். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்தி, ராம் தண்டைப் பிராக்கெட்டிலிருந்து கழற்றிவிட்டு, எஞ்சினை ஐடிலில் வை. தண்டு தானாக நீண்டாலோ உள்ளே போனாலோ, வால்வின் கடைசி மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, தண்டு அசையாமல் நிற்கும் இடத்தைப் பிடி. தண்டுக்கு நேரே கையை வைக்காதே, சட்டென்று பாயும். காற்று எடுப்பது எஞ்சினை நிறுத்தித்தான்: எண்ணெய் ஊற்றி, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு இருபது தடவை மெல்லத் திருப்பி, மட்டம் பார்த்து நிரப்பி, அதன் பிறகே ஸ்டார்ட் செய். நுரை வந்தால் ஒரு மணி நேரம் விட்டுவிடு. கோடியில் ஐந்து விநாடிக்கு மேல் பிடித்து வைத்தால் பம்பு கதறும்.

இவ்வளவுக்குப் பிறகும் மேனுவல்தான் என்றால், முழு செட்டாக வாங்கு: 20 பாக்ஸ், மேனுவல் டிராப் ஆர்ம், மேனுவல் சென்டர் லிங்க், மேனுவலுக்கான ஐட்லர். பாதி இது, பாதி அது என்று கலந்தால் சக்கரத்துக்குப் போகும் டை ராட்டின் உள்முனை சரியான உயரத்தில் நிற்காது, பள்ளத்தில் இறங்கும்போது வண்டி தானே திரும்பும். பாக்ஸ் வாங்கும் முன் செக்டர் ஷாஃப்டை அளந்துவிடு. 67 மாறுதல் வருடம், 1 அங்குலமும் வரும், 1⅛ அங்குலமும் வரும், ஒன்றின் டிராப் ஆர்ம் மற்றதில் ஏறாது. இணைப்பு முனைகளைக் கழற்றும்போது கவட்டைக் கம்பியால் அடிக்காதே, பூட் (ரப்பர் உறை) கிழியும், இழுத்துக் கழற்றும் புல்லர் போடு. மாட்டும்போது ஸ்ப்ளிட் பின் ஓட்டை நேர் வரவில்லை என்று நட்டைப் பின்னால் தளர்த்தவே கூடாது, அடுத்த ஓட்டைக்கு இறுக்கிக்கொண்டே போ. ஸ்டீயரிங் முக்காலிலிருந்து ஒரு சுற்று வரை அதிகம் சுற்ற வேண்டி வரும். பனியில் பின்பக்கம் வழுக்கினால் கை அவ்வளவு வேகமாகப் போகுமா என்று யோசி. கழற்றிய பம்பையும் பிராக்கெட்டையும் துடைத்துப் பெட்டியில் போட்டு வை, எஃப்.இ. எஞ்சினுக்கான (உன் 390 அந்த வகைதான்) பிராக்கெட் வேறு எஞ்சினுக்கு வராது. வண்டி ஃபேக்டரியிலிருந்தே பவரோடு வந்ததா என்று மார்ட்டி நிறுவனத்திடம் ரிப்போர்ட் எடுத்தால் தெரியும், 1967 முதலான ஃபோர்டின் பதிவுகள் அவர்களிடம் இருக்கின்றன. வந்ததென்றால், விற்கும் நாளில் அந்தப் பெட்டிக்கு மதிப்பு உண்டு.

மின் மோட்டார் வைத்த ஸ்டீயரிங் காலம் பற்றியும் கேட்டிருந்தாய். ஹோஸ் இல்லை, ஒழுகல் இல்லை, நல்லதுதான். ஆனால் நின்ற இடத்தில் திருப்பும்போது அது கரண்டை அள்ளிக் குடிக்கும். உன் வண்டியோடு வந்த ஆல்டர்னேட்டர் தருவது ஏறத்தாழ 40 ஆம்பியர்தான். ஹெட்லைட்டும் ஹீட்டரும் ஓடும் டெட்ராய்ட் இரவில் அது போதாது, முதலில் ஆல்டர்னேட்டரையும் பேட்டரிக்குப் போகும் வயரையும் தடிமனாக்க வேண்டும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து "அதைப் பிறகு பார்க்கலாம், முதலில் ஹோஸை மாற்றச் சொல்" என்கிறார். எனக்கும் அதே எண்ணம்தான்.

தராசு எண், செக்டர் ஷாஃப்ட் விட்டம், இப்போதைய காஸ்டர், டயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவு, இந்த நான்கையும் எழுதி அனுப்பு. அதுவரை எதையும் ஆர்டர் போடாதே.

அன்புடன்,
அம்மா