எறும்புத்தின்னி நின்ற இடம்

டேய் முரளி,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை, கோபத்தில் இருப்பாய். அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. தேக்காவில் மாமி இன்னும் உன் பழைய பாக்கியைக் கேட்கிறார். டிசம்பரில் சிங்கப்பூர் வந்து நீயே சமாளித்துக்கொள்.

சரி, விஷயம் இதுதான். போன வியாழன் இரவு பதினொரு மணிக்கு மேல், புக்கிட் பாஞ்சாங் பக்கம் காட்டோரச் சாலையில் ஒரு எறும்புத்தின்னியை, அதான் உடம்பெல்லாம் செதில் உள்ள அழுங்கை, பார்த்தேன். முன்னங்கால் நகங்களை உள்ளே மடக்கி ஊன்றி மெல்ல நடந்தது. சாலை விளிம்புவரை வரும். கார் வெளிச்சம் பட்டதும் பின்வாங்கும். லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) ஓரப் புல்லில் மூக்கை நுழைத்து அசையாமல் நிற்கும். மறுபடி வரும். நாற்பது நிமிடம் இப்படியே. கடைசிவரை கடக்கவே இல்லை. அதன் செதில் சிமென்டில் உரசிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

மூன்று வாரமாக என்னைத் தூங்கவிடாத கணக்கு அங்கேதான் தீர்ந்தது. மாலைப் படிப்புக்கு விலங்கு நடமாட்ட மாதிரி ஒன்று செய்கிறேன் என்றேனே? கணினி பகடை உருட்டும், விலங்கு ஒரு அடி வைக்கும். திசை தற்செயல் என்றால் நூறு அடி நடந்தும் புறப்பட்ட இடத்திலிருந்து சுமார் பத்து அடி தூரம்தான். இருபது வேண்டுமானால் நானூறு அடி நடக்கணும். இது உனக்கே தெரியும். காடு, புதர், சாலையோரம் என்று இடத்துக்கு இடம் வேகத்தை மாற்றினேன், சாலையோரத்தில்தான் மிகக் குறைவு. விலங்கு நிற்கும் இடத்தைக் காட்டும் புள்ளிகள் எல்லாம் சாலையோரத்தில் போய்க் குவிந்தன! ஆனால் நாம் படித்த வெப்பச் சமன்பாட்டில் அதே எண்களைப் போட்டால் எல்லா இடத்திலும் சமமாகப் பரவுகிறது. நிரலில் பிழை என்று நினைத்துத் தேடித்தேடி அலுத்தேன்.

பிழை நிரலில் இல்லை, முரளி. வெப்பம் இரண்டு இடங்களுக்கு இடையே உள்ள வித்தியாசத்தைப் பார்த்து ஓடுகிறது. விலங்கோ தான் நிற்கும் இடத்தை மட்டும் பார்த்து அடி வைக்கிறது. அதனால் பரவல் எண், அதாவது ஓரிடத்தில் எவ்வளவு வேகமாகப் பரவும் என்று சொல்லும் எண், வகைக்கெழுவுக்கு வெளியே நிற்காமல் உள்ளே, அடர்த்தியோடு சேர்ந்து உட்கார வேண்டும். அப்படி எழுதினால், பரவல் எண் கால்பங்காகும் இடத்தில் கூட்டம் நாலு மடங்கு. போக முடியாமல் தேங்குகிற கூட்டம் அது, பிடித்துப்போய் தங்குவது இல்லை.

எனக்குப் பயமே இதில்தான். அடுத்த வாரம் வரைபடத்தைக் காட்ட வேண்டும். குவிந்த புள்ளிகளைப் பார்த்து, 'அடடா, சாலையோரம் அதற்கு ரொம்பப் பிடிக்கிறதே' என்று யாராவது சொல்லிவிட்டால்? 1986-இல் புக்கிட் தீமா விரைவுச்சாலை காட்டை இரண்டாக வெட்டியது. 2013-இல் விலங்குகள் அதைக் கடக்க ஈக்கோ-லிங்க் பாலம் வந்தது, 62 மீட்டர் நீளம், மேலே மரமும் புதருமாக. இன்னொரு பாலம் கட்டும் நாள் வந்தால் எந்த இடம் என்பதைப் புள்ளி சொல்லாது. எங்கே தேங்குகிறது, எங்கே கடக்கிறது என்று இரண்டையும் பிரித்துப் பார்க்கணும்.

இங்கேதான் நீ வேண்டும். பிராட் மெக்ரே என்பவர், முதலில் மின்பொறியாளர், நிலத்தையே மின்சுற்றாகவும் விலங்கு நடமாட்டத்தை மின்னோட்டமாகவும் எண்ணினார். காடு குறைந்த மின்தடை, சாலை அதிக மின்தடை. பக்கவாட்டில் மெல்லிய பசுமைத் துண்டுகள் இருந்தால் அவை பக்க இணைப்பு, மொத்த மின்தடை குறையும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளுக்கு நடுவில் உள்ள மரவரிசைகூட கணக்கில் வரும். ஆய்வுக்கூடத்தில் ஃபியூஸ் போக வைத்தவன் நீதான், ஆனாலும் இணைப்புக் கணக்கில் உன்னை மிஞ்ச ஆள் கிடையாது.

கோப்பை அனுப்பியிருக்கிறேன். சாலைக்கு நான் கொடுத்த மின்தடை எண் சரியா என்று ஞாயிற்றுக்கிழமைக்குள் பார்த்துச் சொல். அந்த இடத்துக்கு இன்றிரவும் போகிறேன்.

அன்புடன்,
குமரன்