தூக்குச்சட்டி இன்னும் என்னிடம்தான் இருக்கிறது

அந்தமானில் எங்களைத் தாங்கிப் பிடித்த எல்லோருக்கும் வணக்கம்.

போன ஏப்ரல் கடைசியில் அம்மா, நான், ஐந்தாம் வகுப்பில் சேரவேண்டிய மகள், மூன்று பேரும் சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினோம். கணவர் மாற்றலாகி ஒரு மாதம் முன்பே விமானத்தில் போய்விட்டார். அம்மாவுக்கு விமானம் என்றாலே பயம், அதனால் எங்களுக்குக் கப்பல். இந்த வாரத்தோடு ஒரு வருஷம் முடிகிறது.

நேரில் நன்றி சொன்னால் நீங்கள் யாரும் வாங்கிக்கொள்வதில்லை. "அட, இதுக்குப் போய் நன்றியா" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். உங்களில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்றே எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கிற மாதிரி இந்த மடலை எழுதுகிறேன்.

முதலில் அவருக்கு. ரங்கத் அம்மா, உங்கள் பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். சென்னையில் கண் ஆபரேஷன் முடித்துக்கொண்டு மத்திய அந்தமானில் இருக்கும் உங்கள் ஊர் ரங்கத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தீர்கள். பங்க் என்னும் அடுக்குப் படுக்கை வகுப்பில் எங்களுக்கு எதிர் படுக்கை. போர்ட் பிளேருக்கு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர், மூன்று நாள் பயணம். இரண்டாம் நாள் விடியும்போதே நான் வாந்தியெடுத்துச் சுருண்டு படுத்துவிட்டேன். நீங்கள்தான் கேன்டீனில் வெந்நீர் வாங்கி, உங்கள் தூக்குச்சட்டியில் அவலை நனைத்து, உப்புப் போட்டு, எலுமிச்சை பிழிந்து ஒவ்வொரு வாயாகக் கொடுத்தீர்கள். அப்புறம் கையைப் பிடித்து மேல்தளத்துக்குக் கூட்டிப்போய், "தண்ணியப் பாக்காத. வானமும் கடலும் சேர்ற கோட்டையே பாத்துக்கிட்டு இரு" என்றீர்கள். ஒரு கண்ணில் பச்சைத் துணி மறைப்போடு நீங்களும் அதே கோட்டைப் பார்த்துக்கொண்டு என் பக்கத்தில் நின்றீர்கள். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கியது.

ஹாடோ துறையில் இறங்கியதும் நீங்கள் ரங்கத் பஸ்ஸைப் பிடிக்க ஓட வேண்டியிருந்தது. வழியில் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை மொத்தமாகச் சேர்த்துக் குறித்த நேரத்துக்குத்தான் ஜாரவா பழங்குடிகள் வாழும் காட்டுக்குள் விடுவார்கள், அதை விட்டால் காத்துக் கிடக்க வேண்டும் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. மிச்ச அவலோடு தூக்குச்சட்டியை என் மகள் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

அடுத்தது, போர்ட் பிளேரை அடுத்த கராச்சர்மாவில் எங்கள் எதிர்வீட்டு தீதிக்கு. தீதி என்றால் அக்கா. சாமான் அனுப்பிய நிறுவனம் பத்து நாளில் எல்லாம் வந்து சேரும் என்றது. 26 நாள் ஆயிற்று. வெறும் தரையும் மூன்று பைத் துணியும்தான் எங்களிடம் இருந்தன. தீதி முதல் நாளே வந்து எட்டிப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் திரும்பிப் போனார். கால் மணி நேரத்தில் இரண்டு பாய், ஒரு குக்கர், நாலு தட்டு, ஒரு பெரிய நீல டிரம் எல்லாம் வந்தன. டிரம் எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. தீவில் மழைக்குக் குறைவில்லை, இரண்டு பருவமழையும் உண்டு. ஆனால் மழைக்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் ஊருக்குத் தண்ணீர் தரும் தனிக்காரி அணை வற்றிப்போகும். எங்கள் தெருக் குழாயில் அப்போது மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர், அதுவும் விடியற்காலையில்.

தீதி எங்கள் சமையலறைச் சுவரில் சாக்பீஸால் மூன்று கோடு போட்டு, மூன்றாவது கோட்டைச் சுற்றி வட்டம் போட்டார். அதுதான் தண்ணீர் நாள். அம்மாவுக்கு இந்தி தெரியாது, தீதிக்குத் தமிழ் தெரியாது. அந்தக் கோடுதான் இரண்டு பேருக்கும் பாஷை. குழாய் முதலில் சும்மா காற்றை ஊதும், இருமுவது போல இரண்டு தடவை உறுமும், அப்புறம் செம்பழுப்பாக ஒரு பிடி தண்ணீர், அதற்கும் பிறகுதான் நல்ல தண்ணீர். அந்த முதல் உறுமல் கேட்டதும் தீதி தன் வீட்டு இரும்புக் குழாயைக் கரண்டியால் தட்டுவார். அந்த டங் டங் சத்தத்துக்குத்தான் ஒன்றரை மாதம் எழுந்தோம். ஒருநாள் காய்ச்சலில் என்னால் எழுந்திருக்க முடியவில்லை. கண் விழித்தபோது டிரம் வாய் வரை நிறைந்திருந்தது, மேலே ஈரத்துணி கட்டியிருந்தது. சொல்லாமல் வந்து நிரப்பிவிட்டுப் போயிருக்கிறார்.

சாமான் வந்த அன்று மழையும் வந்துவிட்டது. துறையில் பெட்டிகளை இறக்கிய அண்ணன்மார்களே, உங்கள் தலைக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் ஷீட்டை எங்கள் பெட்டிகள் மேல் போர்த்தினீர்கள். நீங்கள் நனைந்தபடியே லாரியில் ஏற்றினீர்கள். இருந்தும் புத்தகப் பெட்டி ஏற்கெனவே ஊறிப்போயிருந்தது. அதில் அம்மாவின் கோல நோட்டு இருந்தது. கல்யாணமான வருஷத்திலிருந்து மைப்பேனாவில் புள்ளி வைத்து வரைந்து சேர்த்த நோட்டு. பக்கமெல்லாம் ஒட்டி ஒரே பலகையாக இருந்தது. அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வாயைத் திறக்கவில்லை.

தீதி வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் அந்த நோட்டை வாங்கிப் போனார்கள். பக்கத்துக்குப் பக்கம் பழைய செய்தித்தாளைச் செருகி, மின்விசிறிக்கு அடியில் வைத்து, தாள் ஈரமாக ஆக மாற்றி மாற்றி, நான்கு நாள் உழைத்தார்கள். பிரிய மறுத்த பக்கத்தைத் தேங்காய் ஈர்க்குச்சியால் ஓரத்திலிருந்து மெல்ல நெம்பினார்கள். மூன்று பக்கம்தான் போயிற்று. ஐந்தாம் நாள் தீதி நோட்டோடு ஒரு கிண்ணத்தில் அரைத்த அரிசி மாவும் கொண்டுவந்தார். எங்கள் வாசற்படியில் மோதிர விரலால் மாவைத் தொட்டுத் தொட்டுக் கொடியும் இலையுமாக இழுத்துக்கொண்டே போனார். அவர்கள் ஊரில் ஆல்பனா என்பார்களாம். புள்ளியே வைக்கவில்லை. அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பக்கத்தில் குனிந்து ஏழு புள்ளி வைத்தார். இந்த ஊருக்கு வந்து அம்மா சிரித்தது அன்றைக்குத்தான்.

நோட்டு மறுபடி பூசணம் பிடிக்காமலிருக்க அலமாரிக்குள் ஒரு குண்டு பல்பை எரியவிடச் சொன்னது வீட்டு ஓனர். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து அவருடைய தாத்தா காலத்தில் வந்து தங்கிய குடும்பம். சாமான் வராத மாதத்துக்குப் பாதி வாடகைதான் வாங்குவேன் என்று பிடிவாதமாக நின்றார். அவர் மகன் வந்து இணைய இணைப்பைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, 2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்துசேரும் வரை ஒரு படம் திறக்க எவ்வளவு நேரம் காத்திருப்போம் என்று மகளுக்குக் கதை சொன்னான். அம்மா தினமும் சித்தியின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறாரே, அந்தத் தம்பிக்கு அதில் பங்கு உண்டு.

மகளின் பள்ளி டீச்சருக்கும் நன்றி. பழைய பள்ளியிலிருந்து மாற்றுச் சான்றிதழ் வர நாள் ஆனபோதும் அவளை வகுப்பில் உட்கார வைத்தீர்கள். மதிய இடைவேளையில் தனியாக இந்தி சொல்லிக்கொடுத்தீர்கள். இப்போது அவள் பேசும் அந்தமான் இந்தி எனக்கே புரிவதில்லை.

கச்சால் பாட்டியைப் பற்றி எழுத எனக்குக் கை நடுங்குகிறது. பாட்டி, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர் நீங்கள். தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப இரண்டு நாடும் போட்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலில் வந்து, நிக்கோபாரில் இருக்கும் கச்சால் தீவில் ரப்பர் பால் எடுத்தீர்கள். 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமியில் அந்தத் தீவில் எத்தனையோ பேர் போனார்கள். உங்கள் வீட்டிலும் போனார்கள். அதன்பிறகுதான் போர்ட் பிளேர். ஊருக்கு 2024இல் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் மாறியும் நீங்கள் பழைய பெயர்தான் சொல்கிறீர்கள், உங்களைக் கேட்டு நானும் அப்படியே சொல்கிறேன்.

ஜூலையில் ஓர் இரவு தரை ஆடியது. சில நொடிதான். இங்கே அது அடிக்கடி நடப்பது. எங்களுக்கு முதல் தடவை. நான் மகளைக் கட்டிக்கொண்டு நடுவீட்டில் நின்றேன். நீங்கள் டார்ச்சோடு வாசலில் வந்து நின்று, "செருப்பு வாசல்லயே இருக்கணும், டார்ச் தலைமாட்டுல இருக்கணும், பெரிசா ஆடுனா சாமானைத் தேடாம மேட்டுக்கு ஏறு" என்றீர்கள். மறுநாள் சாயங்காலம் முழங்கால் வலியோடு எங்களை அந்த மேட்டுப் பாதையில் நடத்திக் கூட்டிப்போய்க் காட்டினீர்கள். இரண்டு தடவை இடம் மாறியவர் நீங்கள். நான் ஒரே ஒரு இடம் மாறிவிட்டு உங்கள் முன்னால் அழுதேன். அதை நீங்கள் ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டவில்லை. "அழு, அழுதுட்டு உலை வை" என்று மட்டும் சொன்னீர்கள்.

செப்டம்பரில் அம்மாவுக்கு மூச்சுத் திணறல் வந்த இரவில் எங்களை ஜி.பி.பந்த் மருத்துவமனைக்குக் கொண்டுபோன ஆட்டோ அண்ணன், விடியும்வரை வாசலிலேயே இருந்தார். காசும் வாங்கவில்லை. அன்றிரவு பணியிலிருந்த நர்ஸ் மலையாளி. அம்மாவின் தமிழும் அவருடைய மலையாளமும் எப்படியோ ஒத்துப்போயின. கையைப் பிடித்துக்கொண்டு பேசிப் பேசியே அம்மாவைத் தூங்கவைத்தார். இரண்டு பேருக்கும் எங்கள் வீட்டில் எப்போதும் சாப்பாடு உண்டு.

கப்பல் தள்ளிப்போய் வெங்காயம் கிடைக்காத வாரங்களில் இருந்ததைப் பகிர்ந்துகொண்ட தெருக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: வருகிற ஞாயிறு எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வர வேண்டும். அம்மா சமைக்கிறார். நாலு மணிக்கே வந்துவிடுங்கள், ஐந்தரைக்கெல்லாம் பொழுது சாய்ந்துவிடும். தீதி, டிரம்மைத் திருப்பித் தரவும் அன்றைக்குத்தான்.

ரங்கத் அம்மா, கடைசியாக மறுபடியும் உங்களுக்கு. போன மாதம் ரங்கத் பஸ் நிலையத்தில் விசாரித்தேன், தெரியவில்லை என்றார்கள். யாராவது இதை உங்களுக்குப் படித்துக் காட்டினால் அடையாளம் சொல்கிறேன்: எவர்சில்வர் தூக்குச்சட்டி, அடியில் மயிலும் இரண்டு எழுத்தும் வெட்டியிருக்கிறது, மூடியில் ஒரு சின்ன நசுங்கல். அதில் இன்றைக்கு அவல் நிரப்பி வைத்திருக்கிறேன். நீங்களே வரலாம், சொல்லி அனுப்பினால் நான் கொண்டு வருகிறேன்.

அன்புடன்,
கராச்சர்மா மாடிவீட்டுக் குடும்பம்