மண் பரிசோதனை அறிக்கையையும் வெளியிடச் சொல்லுங்கள்

தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். சிவில் என்ஜினியரிங் முடித்து, பிறகு சட்டம் படித்தவன் நான். நிலம், சுற்றுச்சூழல் இரண்டிலும் வழக்கு நடத்துகிறேன். சென்னைப் புறநகரில் ஃபிளாட் வாங்கப் போகிறவர்கள் தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா, அப்ரூவல் பிளான் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வருவார்கள். மண் பரிசோதனை அறிக்கை எங்கே என்றால், "அது எதுக்கு சார், பேங்க்கே கேட்கலையே" என்பார்கள்.

சென்னைப் புறநகரான மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று, கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். அதற்கும் சிஎம்டிஏ என்னும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் அனுமதி இருந்தது. பக்கத்தில் நின்ற இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அந்த 2016-இல் வந்த உங்கள் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் 14(3) பிரிவு நல்ல பிரிவு. வீட்டை ஒப்படைத்த ஐந்து வருஷத்துக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்தால், கட்டுநர் 30 நாளில் தன் செலவில் சரிசெய்ய வேண்டும். ஆனால் களிமண்ணுக்கு இந்தக் கெடு தெரியாது. நீர் ஊறிய களிமண்மேல் பாரம் ஏறினால், உள்ளே இருக்கும் நீர் கசிந்து வெளியேற வருஷக்கணக்கில் ஆகும். அதுவரை தரை இறங்கிக்கொண்டே இருக்கும். "பைல் போட்டிருக்கோம்" என்று விற்பனையாளர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். பைல் என்பது கெட்டி மண்வரை ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்; அதன்மேல் நிற்கும் கட்டடம் பெரும்பாலும் அசையாது. ஆனால் தாழ்வான இடத்தை மேடாக்கச் சுற்றிலும் கொட்டிய மண் இறங்கும், கழிவுநீர்க் குழாய் இணைப்பு விட்டுப்போகும், சம்ப்பில் (தரைக்கடியில் உள்ள தண்ணீர்த் தொட்டியில்) விரிசல் விழும். ஆறாம் வருஷம் அதற்கு யாரைக் கேட்பது?

சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலம் 2022-இல் ராம்சார் பட்டியலில், அதாவது சர்வதேச முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்தது. அதன் எல்லை பற்றிய தகராறு தனிக் கதை, அதை இங்கே இழுக்கவில்லை. நான் கேட்பது சின்ன விஷயம். உங்கள் இணையதளத்தில் ஒவ்வொரு திட்டத்தின் பதிவுப் பக்கத்திலும் மண் பரிசோதனை அறிக்கை முழுசாக இருக்கட்டும். தரைத்தளம் கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம், 2015 டிசம்பர் வெள்ளம் அங்கே எதுவரை வந்தது என்பதும் இருக்கட்டும். கிராமத்தின் நிலங்களைப் பட்டியலிடும் பழைய வருவாய்த்துறைப் பதிவேடான 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் எந்த வகைப்பாட்டில் (ஏரியா, வயலா, புறம்போக்கா) இருந்தது என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள். கட்டுநர்களுக்கு உத்தரவிட 37-ஆம் பிரிவு உங்களுக்கு அதிகாரம் தருகிறது.

கட்டுநருக்கு இதில் பெரிய செலவும் இல்லை. அஸ்திவாரம் வடிவமைக்க மண்ணைத் துளைத்துப் பார்த்தாக வேண்டும். அறிக்கை ஏற்கெனவே அவர் கையில்தான் இருக்கும். வாங்குபவருக்கு அது புரியாது என்பார்கள். புரியாவிட்டால் தெரிந்த ஒரு என்ஜினியரிடம் காட்டுவார். தமிழ்நாட்டில் என்ஜினியருக்கா பஞ்சம்?

முடிந்துபோன திட்டங்களை விட்டுவிடுங்கள். இனிமேல் பதிவுக்கு வரும் விண்ணப்பங்களிலிருந்து தொடங்கினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர், சென்னை