பிள்ளைக்கு ஊசி போடுறப்ப அம்மாகிட்டயும் கேளுங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

கர்ப்பிணியும் புகையிலையும்னு பேச்செடுத்தாலே "நம்ம ஊர் பொம்பளைங்க எங்க சிகரெட் குடிக்கிறாங்க"ன்னு ஒரு பதில் ரெடியா வருது. 2016-17 அகில இந்திய சர்வேல புகை பிடிக்கிற பெண்கள் 100க்கு 2 பேர்தான், சரி. மெல்லுற புகையிலை போடுறவங்க 100க்கு கிட்டத்தட்ட 13 பேர்னும் அதே சர்வேதான் சொல்லுது. எங்க ஆலங்குளம் பக்கம் வந்து பாருங்க, மாசமா இருக்கிற பொண்ணுங்க மடியில தட்ட வச்சிக்கிட்டு நாள் முழுக்க பீடி சுத்துறாங்க, தூள் மூக்குல ஏறுது, கையில ஒட்டுது, ராத்திரி வீட்டுக்காரர் வந்து அதே ரூம்ல ஒண்ண பத்த வைக்கிறார். அவ குடிக்கல, ஆனா நிக்கோட்டின் வயித்துப் பிள்ளை வரைக்கும் போகுது, புகையில இருக்கிற கார்பன் மோனாக்சைடு ரத்தத்துல ஆக்சிஜனோட இடத்தப் பிடிச்சிக்குது, பிள்ளை எடை கம்மியா, நாளுக்கு முந்தி பிறக்க இதுவும் ஒரு காரணம். செக்கப்புல ரத்தம், பிரஷர், சுகர், வெயிட் எல்லாம் பாக்குறாங்க, பீடி சுத்துறியாம்மா, வீட்ல யாரு குடிக்கிறான்னு கேட்டு நான் பார்த்ததில்ல.

பிறந்த பிறகு அந்த செக்கப்பும் போச்சு, எல்லார் கண்ணும் பிள்ளை மேலதான். மொத ரெண்டு வாரம் அழுகையும் எரிச்சலும் நிறைய அம்மாக்களுக்கு வரும், தானா போயிரும். அதுக்கு மேலயும் பிள்ளை தூங்குற நேரத்துல கூட தூக்கம் வராம, பிள்ளைய தூக்கவே பிடிக்காம, செத்துரலாம்னு நினைப்பு வந்தா அது பிரசவத்துக்குப் பிறகு வர்ற மனச்சோர்வுங்கிற வியாதி, வைத்தியம் இருக்கு, பால் குடுத்துக்கிட்டே சாப்பிடுற மாத்திரையும் இருக்கு. நம்ம வீடுகள்ல "பச்ச உடம்புக்காரி, அப்படித்தான் இருப்பா"ம்பாங்க, இல்லன்னா மந்திரிக்க கூட்டிட்டுப் போவாங்க. மாசமா இருக்கையில புகையிலைய விட்டவங்க கூட, பிள்ளை பிறந்து மனசு சரியில்லாம போனா திரும்ப அதையே எடுக்கிறாங்க, அதனால ரெண்டையும் தனித்தனியா பாத்து பிரயோஜனமில்ல.

இதுக்குன்னு புதுசா ஆஸ்பத்திரி கட்ட வேண்டாம். ஒன்றரை மாசம், ரெண்டரை மாசம், மூன்றரை மாசம்னு ஊசி போட எப்படியும் வர்றாங்க. அந்த மனச்சோர்வு இருக்கான்னு கண்டுபிடிக்க எடின்பர்க் அளவுகோல்னு பத்தே கேள்வி, 1987லயே வந்தது, தமிழ்லயும் இருக்கு, அஞ்சு நிமிஷ வேலை. மாமியாரை வெளிய உக்கார வச்சிட்டு கேட்கணும், அது ரொம்ப முக்கியம், பக்கத்துல நின்னா எந்த மருமகளும் வாயத் திறக்க மாட்டா. கூட வந்த வீட்டுக்காரரையும் அப்படியே உள்ள கூப்பிட்டு பீடிய பத்தி பேசட்டும். மனசு சரியில்லாதவங்க பேசுற அரசு உதவி எண்ணான டெலி மானஸ் 14416ங்கிற நம்பர தாய் சேய் அட்டையில பெருசா அச்சடிக்கட்டும். முத்துலட்சுமி ரெட்டி திட்டத்துல கர்ப்பிணிகளுக்கு 18,000 ரூபாய் உதவி குடுக்கிற அரசுக்கு இது ஒரு செலவே இல்ல. நர்சம்மாக்களுக்கு இப்பவே வேலை தலைக்கு மேல கிடக்கு, அதுக்கு ஆள் கூட்டிக் குடுங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, ஆலங்குளம்